ஏலப் பதிவில் அடுத்தவர் எடுத்த படம்: நாணயம், நகை, சிலை வைத்திருப்பவர்கள் பேச வேண்டிய விஷயம்

சங்குமுத்திரை (நாகர்கோவில்)

நான் எடுத்த படம் ஒன்று வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் விற்பனைக்கு நிற்கிறது. திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரங்கள் என்ற சிறு காசுகள் நிரப்பிய சக்கரப் பலகை. பலகையும் காசுகளும் என் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. நான் எதையும் விற்கவில்லை, விற்கவும் போவதில்லை. சேகரிப்பாளர்கள் பார்க்கட்டும் என்று இணையத்தில் போட்டிருந்தேன். பலகையின் வலது ஓரத்தில் கரையான் அரித்த தடம் உண்டு. நடுவில் ஒரு குழி பிளந்திருக்கும். இரண்டும் அந்த ஏலப் பதிவில் அப்படியே தெரிகின்றன. கீழே என் பெயர் இருந்த பகுதியை மட்டும் வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

இளையவர்களுக்காகப் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிச் சக்கரம் சட்டைப் பொத்தானை விடச் சிறியது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம். வரியும் காணிக்கையும் குவியும்போது இவ்வளவு சிறிய காசை விரலால் எண்ணி மாளாது. அதனால் வரிசை வரிசையாகக் குழி வெட்டிய மரப்பலகை வைத்திருந்தார்கள். காசை அள்ளிக் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக விழும். மிச்சத்தைக் கையால் வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்த நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு சேர்ந்தது என்பதால் இங்கே பழைய வீடுகளில் இன்னும் இப்படிப்பட்ட பொருள்கள் கிடக்கின்றன.

அந்தப் படத்துக்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெள்ளியின் மேல் நேராக வெளிச்சம் விழுந்தால் காசில் பொறித்த சங்கு தெரியாமல் வெறும் மினுக்கம்தான் வரும். சன்னலோரம் காலை வெளிச்சம் பக்கவாட்டில் சரிந்து விழும் நேரம் பார்த்து, ஒவ்வொரு காசையும் சங்கு மேலே வரும்படி இடுக்கியால் திருப்பி வைத்து எடுத்தேன். ஆனால் என் உழைப்பு போனது என்பதைவிட இன்னொன்றுதான் என்னை உறுத்துகிறது. ஏலத்தில் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. படத்தை நம்பித்தான் ஒருவர் விலையை ஏற்றுகிறார். படத்தில் இருக்கும் பலகை என் அலமாரியில் இருக்கும்போது, பணம் கட்டியவருக்கு விற்பவர் எதை அனுப்பப் போகிறார்?

இதில் அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். எந்தத் தளம், யார் விற்பவர் என்பதை இங்கே போட வேண்டாம் என்றுதான் நானும் போடவில்லை.

குழித்துறைப் படகு

அண்ணாச்சி, புகார் அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கத்தை முழுதாகப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பக்க முகவரி, விற்பவரின் கணக்குப் பெயர், அன்றைய விலை, தேதி எல்லாம் அதில் தெரிய வேண்டும். விற்பவரிடம் முதலில் கேட்கிறேன் என்று போனால் அவர் பதிவையே அழித்துவிட்டு மறுநாள் வேறு தலைப்பில் போட்டுவிடுவார்.

தேன்கூடு (மார்த்தாண்டம்)

அண்ணாச்சியின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

நான் பழைய உருளி, குத்துவிளக்கு, கிண்டி இவற்றை இணையத்தில் விற்கிறேன். ஒரே பட்டறையில், ஒரே அளவில் வார்த்த உருளி ஊருக்குப் பத்து இருக்கும். வாட்ஸ்ஆப் குழுக்களில் நாள்தோறும் படங்கள் வருகின்றன, யார் எடுத்தது என்று ஒன்றிலும் இல்லை. நல்ல படம் ஒன்று கிடைத்தால் "இது போன்றது" என்று எழுதிப் போடுகிறவர்கள் எல்லோரையும் திருடர் வரிசையில் நிறுத்துவது நியாயமா? காசும் அப்படித்தானே? ஒரே அச்சில் அடித்தது. ஒன்றுக்கு எடுத்த படம் மற்றொன்றுக்கும் பொருந்தும். படத்தை எடுத்ததால் உங்கள் பலகையிலிருந்து ஒரு சக்கரம்கூடக் குறையவில்லை.

விற்கிறவர்களில் பலருக்கு நல்ல கேமரா கிடையாது. கணவரை இழந்த ஒரு பெரியம்மா, அவர் சேர்த்து வைத்த தபால்தலைத் தொகுப்பை விற்றுத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார். அவருடைய கைப்பேசியில் எடுத்தால் எல்லாம் மங்கல். தெளிவான படம் இல்லாவிட்டால் யாரும் ஏலம் கேட்பதில்லை. இவர்களுக்கு வழி என்ன?

கெம்புக்கல் (வடசேரி)

தம்பி, "ஒன்றும் குறையவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் என்ன குறைந்தது என்று சொல்கிறேன்.

வடசேரியில் கோயில் நகை செய்யும் குடும்பம் எங்களுடையது. வெள்ளியில் செய்து, கெம்புக்கல் பதித்து, மேலே தங்கம் ஏற்றுவோம். சுவாமிக்குச் சாத்துவதற்கென்று தொடங்கிய வேலை, பிறகு நாட்டியக் கலைஞர்களிடம் போனது. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம் என்று ஒரு முழு செட் முடிய எத்தனை கைகள் வேலை செய்ய வேண்டும் என்பது இந்தத் தெருவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். கல்லின் அடியில் தகடு வைத்து அதன் நிறத்தை ஏற்றுவது ஒருவர், விளிம்பை அமுக்கிக் கல்லைப் பிடிக்கவைப்பது இன்னொருவர்.

எங்கள் ஒட்டியாணப் படத்தை எடுத்து வேறு ஊரிலிருந்து ஒருவர் ஏலத்தில் போட்டார். ஆரம்ப விலை எங்கள் விலையில் பாதிகூட இல்லை. வாங்கியவர்களுக்குப் போனது இயந்திரத்தில் வார்த்த மாதிரிச் சாமான். கல் உதிர்ந்ததும் அந்தப் பெண் படத்தைத் தேடிக்கொண்டு எங்களிடம் வந்து நின்றார். "உங்கள் படம்தானே இது, உங்கள் வேலைதானே?" என்று கேட்டார். படம் எங்களுடையது, நகை எங்களுடையது இல்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் என் அப்பாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. அவர் செய்த வேலையில் கல் உதிர்ந்தது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

"நாகர்கோவில் கோயில் நகை" என்பதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அதனால் பாதுகாப்பு உண்டு என்று பலர் ஆறுதல் சொல்கிறார்கள். அந்தக் குறியீடு பெயரைத்தான் காக்கிறது. பெயரைப் போடாமல் படத்தை மட்டும் போட்டு விற்பவரை அது தொடாது. அப்போது படத்தின் உரிமை ஒன்றுதான் எங்கள் கையில் மிஞ்சுகிறது.

வேளிமலை (பத்மநாபபுரம்)

நீதிமன்றத்தில் தொழில் செய்கிறவன் என்ற முறையில் சட்டம் சொல்வதை எழுதுகிறேன்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன்படி புகைப்படம் ஒரு கலைப்படைப்பு. "கலைத் தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்று சட்டமே சொல்வதால், ஒரு காசை மேசையில் வைத்து எடுத்த எளிய படத்துக்கும் பாதுகாப்பு உண்டு. படம் எடுத்தவரே அதன் ஆசிரியர். எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால் பின்னால் நிரூபிக்க எளிது, அவ்வளவுதான். முன்பு படங்களுக்கு வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டு என்று கணக்கு இருந்தது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும்.

இனி மார்த்தாண்டத்துத் தம்பி கேட்டதற்கு வருகிறேன். யார் எடுத்தது என்று தெரியாது என்பது மட்டும் காப்பாற்றாது. படத்துக்குப் பதிப்புரிமை உண்டு என்பதே தெரியவில்லை, அப்படி நம்பக் காரணமும் இல்லை என்று நிரூபித்தால் இழப்பீடு கட்டுவதிலிருந்து தப்பலாம். ஆனால் படத்தை நீக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடுவதை அது தடுக்காது. கிடைத்த லாபத்தில் பங்கு கொடுக்கச் சொல்லவும் வாய்ப்புண்டு. விமர்சனம், செய்தி, சொந்தப் படிப்பு போன்றவற்றுக்குச் சட்டம் சில விலக்குகள் தருகிறது. விற்பனைப் பதிவு அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

தெரிந்தே செய்தால் குற்ற வழக்கும் உண்டு. 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் இது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெயரை வெட்டி எறிந்தது தனி. படைப்பாளி தன் பெயரைக் கோரும் உரிமை 57ஆம் பிரிவில் தனியாக நிற்கிறது.

எடுத்த எடுப்பில் காவல் நிலையத்துக்கு ஓடச் சொல்லவில்லை. முதலில் தளத்துக்கே எழுத வேண்டும். அமெரிக்கத் தளமாக இருந்தால் அவர்களுடைய 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி நீக்கல் அறிவிப்பு அனுப்பலாம். எந்தப் படம், அது உங்களுடையது என்பதற்கு அடையாளம், எந்தப் பக்கத்தில் இருக்கிறது, உங்கள் தொடர்பு விவரம், உண்மையைத்தான் சொல்கிறேன் என்ற உறுதிமொழி, கையொப்பம். இவ்வளவும் இருந்தால் எடுத்துவிடுவார்கள். எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பினால், நீங்கள் வழக்குப் போடாதவரை 10 முதல் 14 வேலை நாளுக்குள் படம் திரும்ப வந்துவிடும். அந்த மறுப்பைப் பொய்யாக அனுப்பினால் பொய்ச்சாட்சிக் குற்றம் என்பதால், திருடி விற்கும் சில்லறை ஆள்கள் பெரும்பாலும் அதற்குத் துணிவதில்லை.

இந்தியத் தளமாக இருந்தால் 2021 விதிகளின்படி குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், விதியில் குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும். வழக்கென்று வந்தால் இன்னொரு வசதி உண்டு. உரிமை கொண்டவர் தான் வசிக்கும் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். விற்பவர் டில்லியில் இருந்தாலும் நாகர்கோவிலில் போடலாம்.

பழைய அஞ்சல் (தக்கலை)

வேளிமலை அண்ணன் எழுதியதில் தபால்தலைக்காரனான எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

திருவிதாங்கூர் அஞ்சலின் முதல் தபால்தலைகள் 1888இல் வந்தன, சங்கு போட்டவை. 1951இல் அஞ்சல் இந்தியத் தபால்துறையோடு இணைந்தது. நான் அந்தத் தலைகளை ஸ்கேன் இயந்திரத்தில் தட்டையாக வைத்து எடுத்துப் போடுகிறேன். அந்த ஸ்கேனை இன்னொருவர் எடுத்தால், சன்னலோரம் உட்கார்ந்து வெளிச்சம் பார்த்த அண்ணாச்சிக்கு இருக்கும் அதே உரிமை எனக்கும் இருக்கிறதா? நான் பொத்தானை அழுத்தியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லையே.

வேளிமலை (பத்மநாபபுரம்)

நேர்மையான கேள்வி. உங்கள் நிலை பலவீனமானதுதான். 1999இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, பழைய ஓவியங்களை அச்சு அசலாகப் படமெடுத்தால் அந்தப் படத்துக்குத் தனிப் பதிப்புரிமை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. நம் உச்ச நீதிமன்றமும், சட்ட அறிக்கைகளைத் தொகுத்த ஒரு வழக்கில், வெறும் உழைப்பு போதாது, குறைந்தபட்சமாவது படைப்பறிவும் தேர்வும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. தட்டையான தபால்தலையைத் தட்டையாக ஸ்கேன் செய்வதில் அதைக் காட்டுவது கடினம். காசு அப்படியில்லை. அது முப்பரிமாணப் பொருள். எந்தப் பக்கம் ஒளி, எவ்வளவு நிழல், எந்தக் கோணம் என்று ஒவ்வொன்றையும் எடுப்பவர் தீர்மானிக்கிறார்.

ஆனால் உங்கள் ஸ்கேனை எடுத்து வேறு தபால்தலையை விற்கிறவர், வாங்குபவரை ஏமாற்றுகிறார் என்பது அப்போதும் மாறாது. அது வேறு சட்டம், அவ்வளவுதான்.

பழைய அஞ்சல் (தக்கலை)

என் கவலையும் அதுதான். தபால்தலையிலும் இரண்டு ஒன்றாக இருப்பதில்லை. பல் விளிம்பு ஒன்றில் குட்டையாக இருக்கும். முத்திரை விழுந்த இடம் மாறும். நாகர்கோவில் அஞ்சல் முத்திரை தெளிவாக விழுந்த தலைக்கு நம் ஊர்ச் சேகரிப்பாளர் கொடுக்கிற விலை வேறு, பாதி ஊர்ப்பெயர் மட்டும் விழுந்ததற்குக் கொடுக்கிற விலை வேறு. படத்தில் முழு முத்திரை, கைக்கு வந்ததில் அரை முத்திரை என்றால் கேட்க நாதியில்லை.

சங்குமுத்திரை (நாகர்கோவில்)

தம்பி தேன்கூட்டுக்கு நானும் பதில் சொல்ல வேண்டும்.

ஒரே அச்சில் அடித்த காசு என்றீர்கள். அச்சில் இருந்து விழுந்த அன்றைக்கு வேண்டுமானால் ஒன்றாக இருந்திருக்கலாம். அதன்பிறகு ஒன்று கோயில் உண்டியலில் கிடந்தது, ஒன்று மடியில் இருந்து தேய்ந்தது, ஒன்றை யாரோ தாலிக்கயிற்றில் கோக்கத் துளையிட்டார்கள். மகாராஜா சித்திரைத் திருநாள் காலத்துச் செம்புச் சக்கரத்தில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) 1114 என்று இருக்கும். அந்த ஆண்டுக் காசு எத்தனையோ கிடைக்கிறது. மகாராஜாவின் முகத்தில் கன்னமும் காதும் தேயாமல் நிற்கும் ஒன்றும், முகமே வழுக்கிப்போன ஒன்றும் ஒரே விலைக்கா போகின்றன? சேகரிப்பவர் வாங்குவதே அந்தத் தேய்மானத்தின் அளவைப் பார்த்துத்தான். "இது போன்றது" என்று நீங்கள் எழுதும் இரண்டு சொல்லில் விலையில் பத்து மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

புதிய பொருள், பெட்டி திறக்காதது, தயாரித்தவரே விற்பனையாளருக்கென்று கொடுத்த படம் என்றால் நான் வாதாட மாட்டேன். இபே போன்ற தளங்களே புதிய பொருளுக்குப் பொதுப்படத்தை அனுமதிக்கின்றன, பயன்படுத்திய பொருளுக்கு அனுமதிப்பதில்லை. நம் பேச்சு பழைய பொருளைப் பற்றியது.

முட்டம் கலங்கரை

நான் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டவன். கன்னியாகுமரிச் சூரியோதயம், பாறை, 133 அடி வள்ளுவர் சிலை என்று நான் எடுத்தவை அச்சுப்படமாகவும் சட்டமிட்டும் ஏலத் தளங்களில் விற்கின்றன. விற்கிறவன் நானில்லை. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையை யாரும் படமெடுக்கலாம், வெளியிடலாம், அதைச் சட்டமே அனுமதிக்கிறது. "வள்ளுவர் எல்லோருக்கும் சொந்தம்" என்று ஒரு விற்பனையாளர் எனக்கு எழுதினார். வள்ளுவர் எல்லோருக்கும் சொந்தம்தான். அலை பாறையில் மோதி எழுந்த அந்த விநாடிக்காக விடியும் முன்பே போய் ஈரத்தில் நின்றவன் நான். அவரும் போய் நின்று எடுத்துக்கொள்ளட்டும், யார் தடுத்தது?

கையாளும் முறை பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். நீங்கள் இணையத்தில் போட்டது சுருக்கிய, வெட்டிய படம். வெட்டாத முழுப்படம் உங்களிடம் மட்டுமே இருக்கும். அதோடு அதே அமர்வில் எடுத்த முன்பின் படங்களும் இருந்தால் வேறு சான்றே வேண்டாம். படத்துக்குள் பதிந்திருக்கும் தேதி, கேமரா விவரம் இவற்றை வாட்ஸ்ஆப்பும் பல சமூகத் தளங்களும் அழித்துவிடும், அதனால் பரவிய படத்தில் அவற்றைத் தேடிப் பயனில்லை.

ஓரத்தில் பெயர் போடுவது வீண், அண்ணாச்சிக்கு நடந்ததே சாட்சி. சில தளங்கள் படத்தின் மேல் எழுத்து இருப்பதையே விரும்புவதில்லை. நான் பொருள்களை எடுக்கும்போது ஒரு சிறு காகிதத்தில் பெயரும் தேதியும் கையால் எழுதி, அதன் ஒரு பகுதி பொருளுக்கு அடியில் போகும்படி வைத்துவிடுவேன். அதை வெட்டினால் பொருளும் வெட்டுப்படும். எப்போதும் ஒரே பின்னணியில் எடுப்பதும் நல்லது. என்னுடையது ஒரு பழைய பனையோலைப் பாய், அதன் முடைச்சலைப் பார்த்தே என் படம் என்று வாடிக்கையாளர்கள் சொல்லிவிடுவார்கள்.

தேடுவதற்குப் படத்தைக் கொண்டே தேடும் வசதி இருக்கிறது. டின்ஐ (TinEye) என்ற தளம் 2008இலிருந்து இருக்கிறது, கூகுளில் 2011இல் வந்தது. மாதம் ஒருமுறை உங்கள் முக்கியமான படங்களைப் போட்டுப் பாருங்கள். இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தால் தப்பிவிடும், ஆகவே நீங்களும் ஒரு முறை திருப்பிப் போட்டுத் தேடுங்கள். சங்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்து நாணயக்காரர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

மயிலாடி உளி

நாங்கள் கல் கொத்துகிறவர்கள். எங்களுக்கு நடப்பதில் ஒரு முடிச்சு அதிகம். பட்டறையில் முடிந்து நிற்கும் பிள்ளையாரைப் பார்க்க வருகிறவர்கள் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். படம் அவர்கள் எடுத்தது, சிலை நாங்கள் செய்தது. அந்தப் படம் ஏலத்தில் வந்தால் யார் புகார் கொடுப்பது? வருகிறவர்களைப் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லவும் மனம் வருவதில்லை. ஆசையாக எடுக்கிறார்கள்.

வேளிமலை (பத்மநாபபுரம்)

நீங்களே கொடுக்கலாம். சிலையும் கலைப்படைப்புதான், உங்கள் சொந்த வடிவமாக இருந்தால் அதன் உரிமை உங்களுடையது. முட்டத்து நண்பர் சொன்ன விலக்கு பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைக்கு. உங்கள் பட்டறையில் விற்பனைக்கு நிற்பது அந்த வகையில் வராது. மரபான இலக்கணப்படி செய்த உருவத்தில் எது உங்கள் சொந்தச் சேர்க்கை என்று காட்ட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். அதனால் சிலை முடிந்ததும் நீங்களே ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது, உங்கள் கையில் இரண்டு உரிமையும் இருக்கும்.

காசுப்பை (கோயம்புத்தூர்)

வெளியூர்க்காரன் உள்ளே வருவதற்கு மன்னிக்கவும். சங்குமுத்திரை அவர்கள் சொன்ன அதே சக்கரப் பலகைப் படத்தை நம்பி ஏலம் கேட்டவர்களில் நானும் ஒருவன். ஏலம் எனக்குத்தான் முடிந்தது. பணம் கட்டிவிட்டேன். வந்தது புதுத் தேக்கில் துளைபோட்டுச் சாயம் பூசிய பலகை, காசு ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, "படம் மாதிரிக்குத்தான், காசு சேர்த்தி என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று பதில் வந்தது. படத்தைக் கொண்டு தேடியபோது உங்கள் பழைய பதிவு கிடைத்தது, அங்கிருந்து இங்கே வந்தேன்.

விற்பவர் வெளிநாடு என்று போட்டிருந்தாலும் பொதி இந்தியாவுக்குள்ளிருந்துதான் வந்தது.

சங்குமுத்திரை (நாகர்கோவில்)

ஐயா, படித்ததும் நெஞ்சு பதறிவிட்டது. என் வீட்டுப் பலகையைக் காட்டி உங்களிடம் பணம் பறித்திருக்கிறார்கள். வெட்டாத முழுப்படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படம், பலகையின் பின்புறம் எல்லாவற்றையும் இன்றே உங்களுக்கு அனுப்புகிறேன். அந்தப் பலகை நாகர்கோவிலில் என்னிடம் இருக்கிறது, எப்போதும் விற்பனைக்கு வந்ததில்லை என்று கையொப்பமிட்ட கடிதமும் தருகிறேன். உங்கள் புகாரோடு இணைத்துக்கொள்ளுங்கள்.

வேளிமலை (பத்மநாபபுரம்)

கோவை நண்பருக்கு: தளத்தில் "விவரித்தபடி பொருள் இல்லை" என்ற வகையில் உடனே புகார் கொடுங்கள், அதற்குக் கால வரம்பு இருக்கும். 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்துப்போக வேண்டும். காட்டியதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்கக் கூடாது. "படம் மாதிரிக்கு" என்ற பேச்சு அங்கே எடுபடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஏமாற்றும் நோக்கம் தெளிவாகத் தெரிவதால் இணையக் குற்றத்துக்கான 1930க்கும் சொல்லுங்கள், பணம் போன பிறகு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இங்கே பலர் இதை அறியாமல் இருக்கிறார்கள். நூறாண்டு கடந்த காசு, சிலை, கைவினைப் பொருள் எதுவும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அவற்றை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமமும் வேண்டும். அண்ணாச்சியின் வெள்ளிச் சக்கரங்கள் அந்த வயதைத் தாண்டியவை. அவற்றை வெளிநாட்டுக்கும் அனுப்புவதாக ஒருவர் பதிவு போட்டிருந்தால், அந்தப் படத்தில் இருப்பது அண்ணாச்சியின் சொத்து என்பதால் முதலில் விசாரணை வருவது அவர் வீட்டுக்குத்தான். அண்ணாச்சி, நீங்கள் விரைந்து எழுத்தில் புகார் கொடுக்க வேண்டியதற்கு இதுவே பெரிய காரணம்.

தேன்கூடு (மார்த்தாண்டம்)

கோவை நண்பருக்கு நடந்தது பச்சை மோசடி, அதை நான் ஒருநாளும் ஆதரிக்கவில்லை. ஒரே வகை உருளிக்கு ஒரே படம் என்பது வேறு, இல்லாத பொருளுக்குப் படம் போடுவது வேறு என்பதில் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் பெரியம்மாவின் தபால்தலைகள் பற்றி நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

பழைய அஞ்சல் (தக்கலை)

தம்பி, தொகுப்பைத் தக்கலைக்குக் கொண்டு வாருங்கள். என் ஸ்கேன் இயந்திரத்தில் எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம். முன்பக்கமும் பின்பக்கமும் எடுக்க வேண்டும், பின்பக்கத்துப் பசையும் மடிப்புமே பாதி விலையைத் தீர்மானிக்கும். பெரியம்மாவையும் அழைத்து வாருங்கள், எந்தத் தலையை அவர் விற்க விரும்பவில்லையோ அதை முதலிலேயே எடுத்து வைத்துவிடலாம்.

முட்டம் கலங்கரை

உருளிக்கும் விளக்குக்கும் பெரிய கேமரா வேண்டாம், தம்பி. சாதாரணக் கைப்பேசி போதும். நேர் வெயில் படாத சன்னல், எதிர்ப்புறம் நிழலைக் குறைக்க ஒரு வெள்ளை அட்டை, கை ஆடாமல் இருக்கக் கைப்பேசியைச் சாய்த்து வைக்க நாலு புத்தகம். மங்கலாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் லென்சில் படிந்த விரல் எண்ணெய்தான், மெல்லிய துணியால் துடையுங்கள். மிக அருகில் போகாமல் சற்றுத் தள்ளி எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். பித்தளையைத் தேய்த்து மினுக்கிவிட்டு எடுக்காதீர்கள். களிம்பையும் அடுப்புக் கரியையும் பார்த்துத்தான் பழையது என்று வாங்குகிறார்கள். ஒடுங்கிய இடம் இருந்தால் அதற்கென்று தனிப்படம் எடுத்துப் போடுங்கள். குறையைக் காட்டிய பதிவுக்குத்தான் நான் தயங்காமல் விலை கேட்பேன்.

கெம்புக்கல் (வடசேரி)

வேளிமலை அண்ணன், எனக்கு ஒரு சந்தேகம். நகைகளைப் படமெடுக்க நாங்கள் கூலி கொடுத்து ஒரு ஸ்டூடியோவை வைத்தோம். இப்போது அவர்களே அந்தப் படங்களைத் தங்கள் விளம்பரத்துக்குப் போட, அங்கிருந்துதான் எடுத்தோம் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். உரிமை யாருக்கு? அவர்களா, நாங்களா?

வேளிமலை (பத்மநாபபுரம்)

பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். 17ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆகவே உரிமை உங்களுக்கு. ஆனால் ஸ்டூடியோ கொடுத்த ரசீதின் பின்பக்கத்தை எடுத்துப் படியுங்கள், "படங்களின் உரிமை எங்களுக்கே" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால் நிலைமை மாறலாம். அடுத்த முறை கூலி பேசும்போதே, விளம்பரத்துக்குப் போடுவதானால் எங்கள் அனுமதி வேண்டும் என்று எழுதி வாங்கிவிடுங்கள். மூலக்கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள்.

புகார் அனுப்பும் எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை. உங்களுடையது என்று உறுதியாகத் தெரியாத படத்துக்குப் புகார் அனுப்பாதீர்கள். ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விடுத்தால், மிரட்டப்பட்டவர் உங்கள் மேல் வழக்குத் தொடுக்க 60ஆம் பிரிவு இடம் தருகிறது.

கெம்புக்கல் (வடசேரி)

ரசீதைப் பார்த்துவிட்டேன், பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. நாளை அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போகிறேன். ஒட்டியாணப் படத்தை அவர்கள் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஏலத் தளத்துக்கு எழுதுகிறேன்.

சங்குமுத்திரை (நாகர்கோவில்)

புகார் போய்விட்டது. வேளிமலை சொன்ன வரிசையிலேயே எழுதினேன். அடையாளமாகக் கரையான் தடத்தையும் பிளந்த குழியையும் பெரிதாக்கி இணைத்தேன். பதிவு நீக்கப்பட்டதாக இன்று மாலை பதில் வந்தது. பெயரை மாற்றி மறுபடியும் போடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோவை ஐயாவுக்குக் கடிதமும் படங்களும் விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பணம் திரும்பியதா என்று இங்கே எழுதுங்கள், ஐயா. மறுத்தால் நுகர்வோர் ஆணையத்தில் சாட்சி சொல்ல நான் கோயம்புத்தூர் வரத் தயார். தேவைப்பட்டால் பலகையையும் எடுத்து வருகிறேன்.

மயிலாடி உளி

அண்ணாச்சி, நீங்கள் தளத்துக்கு எழுதிய கடிதத்தைத் தமிழில் இங்கே போட முடியுமா? பட்டறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

சங்குமுத்திரை (நாகர்கோவில்)

இதோ. உங்கள் பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"கீழே குறிப்பிட்ட பக்கத்தில் உள்ள படம் நான் எடுத்தது. அதன் பதிப்புரிமை எனக்குரியது. அதைப் பயன்படுத்த நான் யாருக்கும் அனுமதி தரவில்லை. படத்தில் உள்ள பொருள் என் வசம் இருக்கிறது, விற்பனைக்கு இல்லை. வெட்டாத முழுப்படத்தையும் அதே அமர்வில் எடுத்த மற்றப் படங்களையும் இணைத்துள்ளேன். பொருளின் அடையாளங்களாகப் படத்தில் வட்டமிட்ட இரண்டு இடங்களைப் பார்க்கவும். மேற்கண்டவை உண்மை என்று உறுதி கூறுகிறேன், தவறானால் அதற்கான சட்டப் பொறுப்பை ஏற்கிறேன். இந்தப் படத்தை நீக்கவும், இதை நம்பி ஏலம் கேட்டவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்."

கடைசி வரியைச் சட்டம் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன். நீங்களும் விட்டுவிடாதீர்கள்.